சுவர் மெலிந்த குழாய்கள்

என் வீட்டுக்காரருக்கு மூளையில் அடைப்பு என்று தெருவில் பாதிப் பேர் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அடைப்பும் இல்லை ஒன்றும் இல்லை. கசிவு. அடைப்புக்கு ஒரு வைத்தியம், கசிவுக்கு அதற்கு நேர் எதிரான வைத்தியம். இந்த வித்தியாசம் தெரியாமல் எங்கள் வீட்டில் நடந்த கூத்தை எழுதிவைத்தால் நாலு பேருக்கு உபயோகப்படும் என்று எங்கள் டாக்டரே சொன்னார். இப்போது இவருக்கு உடம்பு ஒரு நிதானத்தில் இருக்கிறது. காலையில் பேப்பர் படிக்கிறார், சட்னியில் காரம் போதவில்லை என்று குறை சொல்கிறார். அதனால் எனக்கும் உட்கார்ந்து எழுதக் கொஞ்சம் நேரம் கிடைத்திருக்கிறது.

இவர் பெயர் ஆறுமுகம். திருவெறும்பூர் பக்கம் பாய்லர் தொழிற்சாலையில் வெல்டிங் இன்ஸ்பெக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். பாய்லர் என்றால் குளிக்க வெந்நீர் போடுகிற பாய்லர் என்று நினைத்துவிடாதீர்கள். மின்சாரம் எடுக்கிற இடத்தில் பல மாடி உயரத்துக்கு நிற்குமே, அது. அதற்குள் எங்கே பார்த்தாலும் குழாய்தான். குழாயோடு குழாயைப் பற்றவைத்த இடத்தை எக்ஸ்ரே எடுப்பார்கள். அந்த ஃபிலிமை வெளிச்சப் பெட்டியில் வைத்து, உள்ளே பொத்தல் இருக்கிறதா, விரிசல் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வதுதான் இவர் உத்தியோகம். கல்யாணமான புதிதில் "மாப்பிள்ளைக்கு என்ன வேலை?" என்று யாரோ கேட்டதற்கு, என் அம்மா "இரும்புக்கு டாக்டர்" என்று சொல்லிவிட்டாள். தென்காசிப் பக்கம் சொந்தக்காரர்கள் பலர் வெகுநாள் அப்படியே நம்பிக்கொண்டிருந்தார்கள்.

நான் கோமதி. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தவள். மறுமுனையில் பதில் வருகிற வரைக்கும் லைனை விட மாட்டேன். இந்தக் குணத்தால் ஆஸ்பத்திரியில் நர்சுகள் என்னைக் கண்டாலே வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள், அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். இவர் ரிட்டயர் ஆனதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் பக்கம் ஒரு அடுக்குமாடி வீட்டுக்கு வந்தோம். "காவேரிக் காத்து வாங்கிக்கிட்டு சும்மா இருப்போம் கோமு" என்றார். பாதி வருஷம் ஆற்றில் மணல்தான் தெரியும் என்றாலும், சும்மா இருப்பது எங்களுக்கு நன்றாகவே வந்தது.

மறதி எப்போது ஆரம்பித்தது என்று டாக்டர்கள் எல்லாரும் கேட்டார்கள். யாருக்குத் தெரியும்? மறதி என்ன தேதி சொல்லிவிட்டா வருகிறது? எங்கள் மகன் கார்த்தி புனேயில் இருக்கிறான். அவன் போனில் பேசிவிட்டு வைத்த கொஞ்ச நேரத்தில் "கார்த்தி இன்னைக்குப் பேசவே இல்லையே?" என்பார். ஒருநாள் பழம் வாங்கத் திருவானைக்காவல் போனவர், அங்கே பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டு எனக்கு போன் போட்டு, "நம்ம வீட்டுக்கு எந்த பஸ்ஸு ஏறணும்?" என்று கேட்டார். கேட்டுவிட்டு அவரே சிரித்தார். "சும்மா உன்னை டெஸ்ட் பண்ணேன்" என்றார். நானும் சிரித்தேன். வயசானால் இதெல்லாம் இருக்கத்தானே செய்யும் என்று விட்டுவிட்டோம்.

பயம் காட்டியது மறதி அல்ல, கை. ஒருநாள் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து எனக்கு அவரைக்காய் நார் உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். வலது கை விரல் நுனியில் குறுகுறுவென்று ஆரம்பித்து, எறும்பு ஊர்கிற மாதிரி மணிக்கட்டு, முழங்கை என்று ஏறி, அப்புறம் உதட்டோரம் வரைக்கும் வந்துவிட்டது. ஏதோ சொல்ல வாயெடுத்தார், வார்த்தை குழறியது. நான் அடுப்பை அணைத்துவிட்டு வருவதற்குள் எல்லாம் சரியாகிவிட்டது. "வாங்க, டாக்டர்ட்ட போவோம்" என்றேன். "நரம்பு எங்கியோ பிடிச்சிருக்கு, விடு" என்றார். அந்த வாரத்தில் இன்னும் ஓரிரு தடவை அதே மாதிரி வந்தது. ஒவ்வொரு தடவையும் நான் செருப்பை மாட்டிக்கொண்டு நிற்பேன், இவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டார்.

அப்புறம் இவரே ஒரு முடிவுக்கு வந்தார். வாழ்நாள் முழுக்கக் குழாயோடு மாரடித்தவர் இல்லையா? "ஒண்ணுமில்ல கோமு, தலைக்குப் போற ட்யூப்ல எங்கியோ அடைப்பு. ஃப்ளோ கம்மியாகுது, அதான் கை மரத்துப்போகுது. உள்ள ஓடறதை நீர்க்க வச்சா தானா ஓடிடும்" என்றார். பூண்டு சாப்பிடப் போகிறார், நிறையத் தண்ணீர் குடிக்கப் போகிறார் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு இதயத்தில் கோளாறு வந்ததிலிருந்து ரத்தத்தை இளக்குகிற சின்ன மாத்திரை ஒன்று தினமும் உண்டு. அந்த அட்டையிலிருந்து இவர் காலையிலும் சாயங்காலமும் ஒவ்வொன்றாகப் பிதுக்கிப் போட ஆரம்பித்துவிட்டார். என்னிடம் மூச்சுக்கூட விடவில்லை. மாத்திரை சீக்கிரமே தீர்ந்துபோனதைப் பார்த்து நான் மருந்துக் கடைக்காரரிடம் சண்டைக்குப் போனேன். "ஒரு அட்டை குறைச்சுக் குடுத்திருக்கீங்க" என்று கடை வாசலிலேயே நின்று சத்தம் போட்டேன். பாவம், அந்த மனுஷர் பேசாமல் ஒரு அட்டையை எடுத்துக் கொடுத்துவிட்டார். நான் அதையும் வாங்கிக்கொண்டு வந்து இவர் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்தேன்.

அதற்கப்புறம் வந்த ஒரு காலையில், குளித்துவிட்டு வந்தவர் தலையைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். "என்னங்க?" என்றால் பதில் வேறு எதுவோ வருகிறது. தமிழ்தான், ஆனால் ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் சம்பந்தம் இல்லை. வலது கை வேட்டி முனையைப் பிடிக்க முடியாமல் நழுவுகிறது. கீழ்வீட்டு வைதேகி மாமியைக் கத்திக் கூப்பிட்டேன். மாமி ஓடிவந்து ஒரு பார்வை பார்த்தார். "ஆட்டோவைக் கூப்பிட்டாச்சு. நீங்க கெளம்புங்கோ, அடுப்பை நான் பாத்துக்கறேன், கதவையும் பூட்டிக்கறேன்" என்றார். காவிரிப் பாலத்தில் அன்றைக்கு என்ன நெரிசலோ! நான் இவர் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, தெரிந்த சாமி பேரையெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தேன். நடுவில் ஆட்டோக்காரரையும் திட்டினேன்.

ஆஸ்பத்திரியில் நேராக ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். கொஞ்ச நேரத்தில் நரம்பியல் டாக்டர் வந்தார். டாக்டர் நித்யா. எங்கள் கார்த்தி வயதுதான் இருக்கும், அவசரமே இல்லாத பேச்சு. "மூளையோட மேல்பரப்புல, மடிப்புக்குள்ள கொஞ்சம் ரத்தம் கசிஞ்சிருக்கும்மா. சின்னதுதான். ரத்தத்தை இளக்குற மாத்திரை ஏதாவது சாப்பிடறாரா?" என்று கேட்டார்.

"அவருக்கு ஒண்ணும் கிடையாது டாக்டர். எனக்குத்தான் குடுத்திருக்காங்க" என்றேன்.

ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்தவர் மெதுவாக இடது கையைத் தூக்கினார். இரண்டு விரலைக் காட்டினார். டாக்டருக்கு முதலில் புரியவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது. தீர்ந்துபோன அட்டை, மருந்துக் கடைக்காரர் முகம், எல்லாம் ஒரே நேரத்தில் கண்ணுக்கு முன்னால் வந்தது. எனக்கு வந்த கோபம் இருக்கிறதே! ஸ்ட்ரெச்சரில் கிடக்கிற மனுஷரை யாராவது திட்டுவார்களா? நான் திட்டினேன். திட்டிக்கொண்டே அழுதேன். டாக்டர் என் தோளைத் தொட்டு, "நல்லவேளை, இப்பவாவது தெரிஞ்சுதேம்மா. இனிமே அந்த மாத்திரை அவர் கைக்குக் கிடைக்கக் கூடாது" என்றார்.

கசிவு தானாக நின்றுவிட்டது. ஆபரேஷன் தேவைப்படவில்லை. பி.பி.யைக் கட்டுக்குள் கொண்டுவந்து, அசையாமல் படுக்க வைத்துக் கவனித்தார்கள். பேச்சு மெல்ல மெல்லத் திரும்பியது. வார்டுக்கு வெளியே காத்திருக்கிற கூடத்தில் எனக்கு ஒரு நாற்காலி சொந்தமாகிவிட்டது. எதிரே டிவி, சத்தம் இல்லாமல் ஓடும். பக்கத்தில் மணப்பாறையிலிருந்து வந்த ஓர் அம்மா, மாமியாருக்குத் துணையாக வந்தவர், ஃபிளாஸ்கிலிருந்து எனக்கும் காபி ஊற்றிக் கொடுப்பார். மத்தியானம் வைதேகி மாமி டவுன் பஸ் ஏறி, தூக்கில் தயிர்சாதமும் மாவடுவும் கொண்டுவருவார். மாவடு வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனசு வராது. கிளம்புகிற வரைக்கும் "நீங்க சாப்பிட்டேளா, முதல்ல அதைச் சொல்லுங்கோ" என்பதைத் தவிர மாமி வேறு எதுவும் கேட்க மாட்டார். ஆஸ்பத்திரிப் பில்லில் பெரும்பகுதியை இவருடைய பழைய கம்பெனிக் காப்பீடு பார்த்துக்கொண்டது. அந்தக் கவலை இல்லாதவர்கள் எத்தனை பேர் என்று அந்தக் கூடத்தில் உட்கார்ந்தால் தெரியும்.

அப்புறம் எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். நீளமான குழாய்க்குள் படுக்கவைத்துத் தடதடவென்று சத்தத்தோடு எடுப்பார்களே, அது. பயந்துபோய் வெளியே வருவார் என்று நான் நின்றுகொண்டிருந்தேன். இவரோ சிரித்துக்கொண்டே வந்தார். "ஆயுசு முழுக்க நான் ட்யூபைப் படம் எடுத்தேன். இன்னைக்கு ட்யூப் என்னைப் படம் எடுக்குது" என்றார். பேச்சு பழையபடி வந்துவிட்டது என்று எனக்கு அப்போதுதான் தைரியம் வந்தது.

ஞாபக சக்திக்கும் பரிசோதனை வைத்தார்கள். மூன்று வார்த்தை சொல்லி, கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிக் கேட்டார்கள். ஒன்றுகூட வரவில்லை. "நீங்க சொல்லவே இல்லையே?" என்றார் இவர், பணிவாக. கடிகாரம் வரையச் சொன்னார்கள். வட்டத்தை அச்சு வார்த்த மாதிரிப் போட்டார். அதற்குள் எண்களை எழுதும்போது எல்லாம் ஒரே பக்கம் போய் ஒண்டிக்கொண்டன. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். சில நாள் கழித்து முதுகிலிருந்து ஊசியால் கொஞ்சம் தண்ணீர் எடுத்துப் பார்த்தார்கள். எல்லாவற்றையும் சேர்த்து வைத்துப் பார்த்துவிட்டு, அல்சைமர் என்று சொன்னார்கள். மறதி நோய் என்று நாம் சொல்வோமே, அதில் அதிகமாக வருகிற வகை.

"மறதி நோய் சரி டாக்டர். ரத்தம் ஏன் கசியுது? அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டேன். பதில் வராமல் விடுவேனா?

டாக்டர் நித்யா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி எழுதுகிறேன். அமிலாய்டு என்று ஒரு புரதம். எல்லார் மூளையிலும் உண்டாகும், எல்லார் மூளையிலிருந்தும் வெளியேறியும் விடும். இந்த நோயில் அது வெளியேறாமல் தங்கிவிடுகிறது. நரம்பு செல்களுக்கு நடுவே கட்டி கட்டியாகச் சேர்கிறது என்று பேப்பரில்கூட எழுதுகிறார்கள். பேப்பரில் அவ்வளவாக எழுதாத விஷயம், அது மூளையின் சின்ன ரத்தக் குழாய்களின் சுவரிலும் போய்ப் படிகிறது என்பது. குழாய்க்கு உள்ளே படிந்து வழியை அடைப்பதில்லை, சுவருக்குள்ளேயே ஊறிவிடுகிறது. அந்தச் சுவரில் மெல்லிய தசை உண்டு. மூளையில் எந்த இடம் வேலை செய்கிறதோ, அங்கே ரத்தம் கூடுதலாகப் போக அந்தத் தசைதான் குழாயை விரித்துக் கொடுக்கிறது. குழாயின் துடிப்புதான் கழிவையும் தள்ளிவிடுகிறது. அமிலாய்டு ஏற ஏற அந்தத் தசை செத்துப்போகிறது. குழாய் விரியாது, சுருங்காது, விறைத்துப்போய் நொறுங்குகிற பதத்துக்கு வந்துவிடும். கழிவு வெளியேறாது, அதனால் இன்னும் படியும். ரத்தத்தில் இருப்பது எதுவும் கண்டபடி மூளைக்குள் நுழையாமல் தடுக்கிற உள்பூச்சும் சில இடத்தில் தளர்ந்துவிடும். அப்புறம் அங்கங்கே கசியும். எல்லாருக்கும் இந்த அளவுக்குப் போவதில்லை, இவருக்குப் போயிருக்கிறது.

"அப்போ அந்தக் கை குறுகுறுப்பு?"

"அதுவே கசிவோட அடையாளம்தாம்மா. மேல்பரப்புல ரத்தம் கசிஞ்ச இடத்துல மூளை எரிச்சலாகி அப்படிக் காட்டும். பார்க்க அடைப்பு மாதிரியேதான் இருக்கும். சில நேரம் டாக்டர்களே ஏமாந்துடுவோம். சாரைக் குத்தம் சொல்லாதீங்க" என்றார். என்னை நன்றாகத்தான் புரிந்துவைத்திருந்தார்.

அதற்குள் இவர் மேஜையிலிருந்த பெரிய உறையிலிருந்து ஃபிலிமை உருவி, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். தலையைச் சாய்த்து, ஒரு கண்ணைச் சுருக்கி, வரிசையாகப் பார்த்துக்கொண்டே போனார். குவார்ட்டர்ஸில் இருந்தபோது ஒருநாள் இவர் டிபன் பாக்ஸைக் கொடுக்க ஆபீசுக்குப் போயிருந்தேன், அப்போது இப்படிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஃபிலிமில் மூளையின் ஓரம் பூராவும் கறுப்புக் கறுப்பாகப் புள்ளி.

"போராசிட்டி நிறைய இருக்கே" என்றார். வெல்டிங்கில் காற்றுக் குமிழ் மாட்டிக்கொண்டு பொத்தலாகிவிட்டால் அப்படித்தான் சொல்வார்கள்.

"பொத்தல் இல்ல சார். கசிஞ்ச ரத்தம் விட்டுட்டுப் போன இரும்புக் கறை. பழைய கறையெல்லாம் அப்படியே தங்கியிருக்கு" என்றார் டாக்டர்.

"இவ்வளவு நாளா லீக் ஆகியிருக்கு, நமக்குத் தெரியல." கொஞ்சம் யோசித்துவிட்டு, "சரி, ரிப்பேரா? ரிஜெக்டா?" என்று கேட்டார்.

டாக்டர் சிரித்துவிட்டார். "ரெண்டும் இல்ல சார். பிரஷரைக் குறைச்சு வச்சு, பார்த்துப் பார்த்து ஓட்டணும்" என்றார். இவருக்கு அந்தப் பதில் பிடித்துவிட்டது. எனக்குப் பிடிக்கவில்லை. ஓட்டுவதற்கு இவர் என்ன டவுன் பஸ்ஸா? இவர் என்னை மறக்காமல் இருக்க வழி உண்டா, அதைத்தான் நான் கேட்க வந்தேன்.

அந்த வழியைக் கார்த்தி கொண்டுவந்தான். புனேயிலிருந்து வந்து இறங்கியவன் அப்பாவைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டு, போனை எடுத்து என்னிடம் காட்டினான். "அம்மா, புதுசா ஒரு மருந்து வந்திருக்கு. ட்ரிப்ஸ் மாதிரி ஏத்துவாங்க. அந்த அமிலாய்டையே மூளையிலேர்ந்து எடுத்துடும். குணமாகாது, ஆனா மறதி அதிகமாகற வேகம் குறையும். கொஞ்ச மாசமாவது கிடைக்கும்" என்றான். கொஞ்ச மாசம்! எனக்கு அது போதும். ஒரு தீபாவளி, ஒரு பொங்கல், இவர் என் பேரைச் சொல்லிக் கூப்பிடுகிற இன்னொரு வருஷம். அதற்கப்புறம் அவன் சொன்னது எதுவும் என் காதில் ஏறவில்லை.

கார்த்தி போய்ச் சொன்னதும் டாக்டர் நித்யா மறுப்பாகத் தலையை ஆட்டினார். "எனக்கும் தெரியும் கார்த்தி. சாருக்கு அது ஒத்துக்காது. அந்த மருந்து அமிலாய்டு எங்க இருந்தாலும் போய் எடுக்கும். குழாய்ச் சுவர்ல இருக்கறதையும் எடுக்கும். தசை செத்துப்போன சுவர்ல இப்ப பாதி அதுதான் இருக்கு. அதையும் உருவினா நீர் கோத்து மூளை வீங்கலாம், பெரிசா ரத்தம் கசியலாம். இவ்வளவு புள்ளி இருக்கறவங்களுக்கு நாங்க குடுக்கறதில்ல" என்றார்.

"கொஞ்சூண்டு ஏத்திப் பாக்கக் கூடாதா டாக்டர்?" என்று கேட்டேன். கூடாது என்றார். "வேற யார்ட்டயாவது கேட்டுப் பார்க்கட்டுமா?" என்றேன். "தாராளமா கேளுங்கம்மா, நானே ரிப்போர்ட் தரேன்" என்றார். இப்படிச் சொல்கிறவரோடு எப்படிச் சண்டை போடுவது? கார்த்தி படங்களை இன்னொரு பெரிய ஊர் டாக்டருக்கு அனுப்பினான். "இந்த மாதிரிப் படத்துக்கு வழக்கமாகக் கொடுப்பதில்லை. நேரில் வாருங்கள், பேசிப் பார்க்கலாம்" என்று பதில் வந்தது. எனக்கு அந்தக் கடைசி வரி மட்டும்தான் கண்ணில் பட்டது. அன்றைக்கே வீட்டுக்குப் போய்ப் பையில் துணி அடுக்க ஆரம்பித்துவிட்டேன்.

டிஸ்சார்ஜ் ஆகிற அன்று டாக்டர் எங்கள் மூவரையும் உட்கார வைத்தார். என்னையும் கார்த்தியையும் விட்டுவிட்டு இவரைப் பார்த்துப் பேசினார். "சார், இது உங்க தலை. நீங்க இப்போ நல்லா யோசிக்கிறீங்க. நீங்களே சொல்லுங்க" என்று ஆரம்பித்து, மருந்தின் நல்லது கெட்டதை நிதானமாக மறுபடி விளக்கினார்.

இவர் வெகுநேரம் ஃபிலிமைப் பார்த்துக்கொண்டிருந்தார். "பழைய ட்யூப்ல கசடு ஏறியிருந்தா ஆசிட் விட்டுக் கழுவுவாங்க. சுவரு மெலிஞ்சிருந்தா கழுவக் கூடாது. கழுவினா அந்தக் கசடு பிடிச்சு நிறுத்தி வச்சிருந்த இடமெல்லாம் பிச்சிக்கும்" என்று தனக்குத்தானே சொல்வது போலச் சொன்னார். அப்புறம் டாக்டரைப் பார்த்தார். "மறந்துட்டேன்னா இவ எனக்கு ஞாபகப்படுத்துவா டாக்டர். தலைக்குள்ள வெடிச்சுட்டா இவளுக்கு யாரு இருக்கா? மருந்து வேணாம்."

கார்த்தி எழுந்து வெளியே போய்விட்டான். மனுஷர் எவ்வளவு பிரியமாகச் சொன்னார் என்று உங்களுக்குத் தோன்றும். எனக்குக் கோபம்தான் வந்தது. ஞாபகப்படுத்திக்கொண்டே உட்கார்ந்திருக்கப் போகிறவள் நான்தானே, என்னை ஒரு வார்த்தை கேட்டாரா? வீட்டுக்கு வந்ததும், அடுக்கின துணியையெல்லாம் பீரோவுக்குள் திருப்பி எறிந்தேன். கார்த்தி லீவு முடிந்து புனேக்குப் போகும்போது, "அப்பா மனசு மாறினா ஒரு போன் பண்ணும்மா, மறுநாளே வந்து கூட்டிட்டுப் போறேன்" என்று சொல்லிவிட்டுப் போனான். அந்த வார்த்தையை நான் பத்திரமாக வைத்துக்கொண்டேன்.

இப்போது எங்கள் நடைமுறை இதுதான். பி.பி. மாத்திரை வேளை தவறாது. என்னுடைய மாத்திரை பீரோவுக்குள், சாவி என் கழுத்துச் செயினில். தலைவலி, மூட்டுவலி என்று கடையில் கேட்டு வாங்குகிற மாத்திரை எதையும் டாக்டரைக் கேட்காமல் இவருக்குக் கொடுப்பதில்லை. கால் தடுக்குகிற மிதியடி எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். அப்பளம், ஊறுகாய், உப்பு குறைந்துவிட்டது. மருந்துக் கடைக்காரரிடம் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தேன். அவர் பெரிய மனசோடு சிரித்தார். சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் இரண்டு பேரும் ஆற்றங்கரை வரைக்கும் மெதுவாக நடப்போம். இவர் என் தோளைப் பிடித்துக்கொள்வார். பார்க்கிறவர்களுக்கு நான் இவரைத் தாங்கிப் போகிற மாதிரி தெரியும்; எனக்கு இவர் என்னைத் தாங்குகிற மாதிரி இருக்கும்.

ஒரு சங்கடம் மட்டும் நான் எதிர்பாராதது. ஒருநாள் காலையில் பேப்பரோடு குழந்தை மாதிரி ஓடிவந்தார். "கோமு, இங்க பாரு! மறதிக்கு மருந்து வந்துடுச்சாம். கார்த்திக்குப் போன் போடு!" தான் வேண்டாம் என்று சொன்னதே இவருக்கு நினைவில் இல்லை. உட்கார வைத்து ஆதியிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். ஃபிலிமைக் கேட்டார். ஜன்னலில் பிடித்துப் பார்த்தார். யோசித்தார். "வேணாம் கோமு, சுவரு தாங்காது. வெடிச்சுட்டா நீ தனியா என்ன பண்ணுவ?" என்றார்.

அதற்கப்புறம் இது அடிக்கடி நடந்தது. பேப்பரில் இல்லாவிட்டால் டிவியில் சொல்வார்கள், அதுவும் இல்லாவிட்டால் தானாகவே ஞாபகம் வந்து கேட்பார். ஒவ்வொரு தடவையும் அதே சந்தோஷம், ஒவ்வொரு தடவையும் நான் முதலிலிருந்து சொல்ல வேண்டும். ஒரு தடவை ஆபத்தைக் கொஞ்சம் குறைத்தே சொல்லிப் பார்த்தேன். ஆமாம், சொன்னேன். என்னை அந்த ஆசை விடவில்லை. "லேசா கசியலாமாம், அவ்வளவுதான்" என்றேன். இவர் ஃபிலிமில் புள்ளிகளைப் பார்த்துவிட்டு, "லேசான்னு யாரு சொன்னா?" என்று என்னைத் திருப்பிக் கேட்டார். அப்புறம் அதே முடிவு. மூன்று வார்த்தையைப் பிடித்துவைக்க முடியாத அந்தத் தலை இந்த ஒன்றுக்கு மட்டும் எந்தப் பக்கமாகச் சுற்றினாலும் சரியாக என்னிடமே வந்து நின்றது. கோபம் கொஞ்சம் கொஞ்சமாக எனக்கு விட்டுப்போனது.

போன வாரம் மறுபடி கேட்டார். நானும் பழக்கத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு ஃபிலிமைக் கொடுத்தேன். ஜன்னலில் பிடித்தார். திருப்பிப் பிடித்தார். தலைகீழாகப் பிடித்தார். அப்புறம் என்னிடமே நீட்டினார்.

"எனக்கு ஒண்ணும் புரியல கோமு" என்றார். "இது என்ன படம்?"

நான் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். முகத்தில் கவலையே இல்லை. "நீ போட்டுக்கச் சொன்னா போட்டுக்கறேன். உனக்குத் தெரியாததா? எங்க போகணும்?" என்று எழுந்து உள்ளே போனார். திரும்பி வந்தபோது வெளியே போகிற சட்டையைப் போட்டிருந்தார். பித்தான்கள் ஒன்று மாற்றி ஒன்றாக மாட்டியிருந்தன.

இந்தச் சம்மதத்துக்குத்தான் நான் எத்தனை நாள் காத்திருந்தேன். போன் பக்கத்திலேயே இருந்தது. ஒரு வார்த்தை போதும், கார்த்தி நாளைக்கே வந்து நிற்பான். இவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு, கிளம்பத் தயாராக நின்றுகொண்டிருந்தார். இத்தனை நாள் இவர் எனக்காக வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார், இனிமேல் சொல்ல மாட்டார்.

"வேணாங்க" என்றேன்.

"ஏன்?"

"நீங்க இப்படியே வீட்டுல இருந்தா போதும் எனக்கு."

கொஞ்சம் யோசித்தார். "அப்போ சட்டையைக் கழட்டிடட்டுமா?" என்று கேட்டார்.

"இருங்க" என்று கிட்டே போய், நானே பித்தானை ஒவ்வொன்றாகக் கழற்றினேன்.